வேலந்தாவளம் தாண்டினால்

வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டி
இருநூறு அடி போனதும்
என் குட்டியானை ரேடியோவில்
இரண்டு நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.
கோவைக்காரி நகைக்கடை விளம்பரம் சொல்லச் சொல்ல
திருச்சூர்க்காரன் வானிலை வாசிப்பான்.
இடுக்கில் எப்போதாவது
ஒரு பாட்டு தப்பிப் பிழைத்து வரும்.

அந்தப் பாட்டு வந்தால் மட்டும்
நாச்சிமுத்து கை நீட்டி அணைத்துவிடுவான்.
பன்னிரண்டு வருஷம்.
தக்காளிப் பெட்டி, தேங்காய் மூட்டை,
ஒருதடவை அவன் அப்பாவின் கண் ஆபரேஷன்,
எந்த நடையானாலும் இடப்பக்கம் அவன்.
வயலின் தொடங்கும். கை வரும். சத்தம் போகும்.
பிடிக்காதாக்கும் என்று விட்டுவிட்டேன்.
பிடிக்காத பாட்டை முதல் இழுப்பிலேயே
யாருக்கு அடையாளம் தெரியும்
என்று யோசிக்கவில்லை.

ஆடி மழையில் ஒழலப்பதிப் பக்கம் பஞ்சர்.
ஜாக்கி சேற்றில் இறங்கிக்கொண்டே போனது.
தார்ப்பாயை என் தலைக்குமேல் பிடித்தபடி சொன்னான்:
"சனல் என் ரூம்மேட் இல்லடா."

கழற்றிய நட்டைத் திரும்ப முடுக்கினேன்.
அப்புறம் கேட்டேன்,
கேட்கவே கூடாத ஒன்றை:
"அப்ப... என்னையும்?"
மழையை மிஞ்சிச் சிரித்தான்.
"உன் மூஞ்சியக் கண்ணாடில பாத்திருக்கியா?"
கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பதினொரு நாள் அவன் போனை எடுக்கவில்லை.
வெறுப்பு என்று சொல்ல மாட்டேன்,
நல்லவன் என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.
பன்னிரண்டு வருஷத்தையும் தரையில் கவிழ்த்து
சொத்தைத் தக்காளி பொறுக்குகிறவன் மாதிரி
உருட்டி உருட்டிப் பார்த்தேன்.
அவனுக்குப் பெண் பார்த்த அன்று
"நல்லாத்தானடா இருக்குது" என்று நானும் சேர்ந்து தள்ளியது.
அன்றிரவு கள்ளுக்கடையில் அவன் பாடாமல் இருந்தது.
சொத்தை எல்லாம் என் கூடையில்தான் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் ஜாக்கி கேட்கும் சாக்கில் போனேன்.
ஜாக்கி என் வண்டியில்தான் இருந்தது,
அவனுக்கும் தெரியும்.
கொழிஞ்சாம்பாறையில் கோழித்தீவனக் கடை மாடி.
"கேறி வா" என்று சனல்
நாற்காலியில் கிடந்த துணியை நகர்த்தினான்.
பேச ஒன்றும் கிடைக்காமல்
பூண்டு உரித்துக் கொடுத்தேன்.

பாட்டுக் கதை வந்தது நாலாவது பல்லிலோ ஐந்தாவதிலோ.
"சித்தூர் பஸ்ல அது ஓடினப்ப
இவன் முட்டி என் முட்டில பட்டுச்சு.
ரெண்டு பேரும் நகத்தல.
அது வந்தா என் முகம் மாறிரும்.
நீ பாத்துருவேன்னுதான் நிறுத்துவேன்."

இப்போது தெரியும்,
சனலுக்குக் கத்திரிக்காய் அரிக்கும்.
தீவன நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்தச் சொல்வது அவன்,
திறப்பது இவன்.

சந்தையில் தராசுக்காரன் கேட்டான்:
"அவன ஏன் வண்டில ஏத்தற?"
"சாவடியில மலையாளம் பேச ஆள் வேணுமில்ல" என்றேன்.
இதைவிட நல்ல பதில் இருக்கிறது.
அன்றைக்கு வாயில் வரவில்லை.

மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை எழுதும்போது
அம்சவேணி என்னைக் கேட்கவே இல்லை.
உறையின்மேல் அவள் கையெழுத்தில்,
கொஞ்சம் சாய்ந்து:
திரு. நாச்சிமுத்து குடும்பத்தினர்.

போன வியாழக்கிழமை மூவரும் முன்னால்.
கியருக்குப் பக்கத்தில் சனல் ஒடுங்கியிருந்தான்.
சாவடி தாண்டியது.
நகைக்கடை, வானிலை, நகைக்கடை,
வயலின்.
கை வரவில்லை.
நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
இடப்பக்கம் திரும்பவில்லை.

பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் நேரம்
திருச்சூர்க்காரன் குறுக்கே விழுந்து
இடியுடன் மழை என்றான்.

பின்னால் மணல் லாரி ஹார்ன் அடித்தது.
அடிக்கட்டும்.
ரிவர்ஸ் போட்டேன்.